திரும்பி வரும் பிடி

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், அவர் முதலில் செய்வது ஒன்றுதான். வலது கைப்பிடியை முழுக்க முறுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுத்துவிடுவார். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால்தான் மேற்கொண்டு பேச்சு. சத்தம் மந்தமாக வந்தாலோ, பிடி சோம்பலாகத் திரும்பினாலோ, "ஆக்ஸிலேட்டர் ஒயர் போச்சு, முதல்ல இதை மாத்திருவோம்" என்பார். பின் சக்கரம் பஞ்சராகி நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நாளில்கூட அந்தப் பிடியை முறுக்கி விட்டுப் பார்த்த பிறகுதான் சக்கரத்தின் பக்கம் குனிந்தார்.

வேகத்துக்கு நம் பேச்சில் 'முறுக்கு' என்றே பெயர். 'நல்லா முறுக்குப்பா' என்போம், 'என்னமா முறுக்கிக்கிட்டுப் போறான் பாரு' என்போம். வேகத்தைக் குறைக்க மட்டும் 'ஆக்ஸிலேட்டரை விடு' என்கிறோம். கையை விட்டால் போதும், மீதி தானாக நடக்கும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தானாக நடப்பதுபோலத் தெரிகிற அந்தத் திரும்புதலைச் செய்வது யார்? எனக்கு இந்தப் பிடிமேல் ஆசை வந்தது அந்தக் கேள்வியால்தான்.

ஒருநாள் அண்ணன் ஒரு பழைய 100 சிசி பைக்கின் வலது பிடியைக் கழற்றினார். கீழே இரண்டு திருகுகள். அவற்றை எடுத்ததும் மூடி இரண்டு பாதியாகப் பிளந்தது. உள்ளே, 22 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு ஹேண்டில்பாரின்மேல் சட்டைபோல மாட்டிய ஒரு பிளாஸ்டிக் குழாய். நாம் பிடிக்கிற ரப்பர் உறை இந்தக் குழாயின்மேல்தான் இருக்கிறது. குழாயின் உட்புற நுனி சற்றுப் பருத்து, கிணற்று ராட்டினத்தைப் போல விளிம்பில் பள்ளம் வெட்டியிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பொந்து. ஒயரின் முனையில் உருக்கி வார்த்த சிறு உலோகக் குண்டு அந்தப் பொந்தில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். பல்சக்கரம் இல்லை, நெம்புகோல் இல்லை. கறுத்துப்போன கிரீஸைத் துடைத்தால் ஒரு ராட்டினம், ஒரு கயிறு.

கிணற்றடியில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. ராட்டினம் சுழல, கயிறு சுற்றிக்கொண்டு மறுமுனை மேலே வருகிறது. பள்ளத்தின் ஆரம் 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிடியை 70 பாகை திருப்பினால் சுமார் 18 மில்லிமீட்டர் ஒயர் இழுபடும். சிறிய பைக்கின் கார்புரேட்டருக்கு அதுவே போதும். அதன் தொண்டையில் ஒரு சிறிய உருளை அடைப்பான் நிற்கிறது. ஒயர் இழுக்க அது மேலே எழும்பி, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் வழிவிடுகிறது. மனித மணிக்கட்டு பின்பக்கம் மடங்குவதும் ஏறத்தாழ 70 பாகைதான். பிடியை மாற்றிப் பிடிக்காமலே எஞ்சினின் முழு வலிமையையும் திறந்துவிட முடிவது இந்தப் பொருத்தத்தால். ராட்டினத்தைப் பெரிதாக்கினால் சிறிய முறுக்கிலேயே வண்டி சீறும், ஆனால் குழியில் கை குலுங்கும்போது எஞ்சினும் சேர்ந்து குலுங்கும். சிறிதாக்கினால் நிதானம் கிடைக்கும், முழு வேகத்துக்கு முழங்கையை இடுப்புவரை இறக்கவேண்டியிருக்கும்.

அந்த அடைப்பானின் தலைமேல் ஒரு சுருள் ஸ்பிரிங் அமர்ந்திருக்கிறது. ஒயருக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே முறுக்குவது மட்டும்தான் ஓட்டுபவரின் வேலை. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. அண்ணன் காதுகொடுத்துக் கேட்கும் அந்த 'டக்', ஸ்பிரிங் தன் வேலையை முடித்து அடைப்பானைக் கீழே கொண்டுபோய் உட்காரவைத்த சத்தம்.

இதில் என்னை அதிகம் வியக்கவைப்பது நடுவில் ஓடுகிற கேபிள். ஹேண்டில் இடமும் வலமும் திரும்புகிறது; எஞ்சின் கீழே ஒரே இடத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே வெறும் கயிற்றைக் கட்டியிருந்தால், ஹேண்டிலை ஒடிக்கும்போதெல்லாம் கயிறு இழுபட்டு எஞ்சின் உறுமும். பாவாடை நாடாவை நினைத்துப் பாருங்கள். நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் கொசுவம் கொசுவமாக ஒதுங்கும். துணி மென்மையானது, அமுங்கிக்கொடுக்கிறது. அந்தத் துணிக்குழாய் வளைய மட்டும் செய்யும், ஒரு துளியும் சுருங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாடாவை இந்த முனையில் எவ்வளவு இழுத்தாலும் அது அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் கவலையில்லை. ஒயரைச் சுற்றியிருக்கும் 'அவுட்டர்' அந்தச் சுருங்காத துணி. இறுக்கமாகச் சுற்றிய எஃகுக் கம்பிச் சுருள், மேலே பிளாஸ்டிக் தோல். உள்ளே ஓடும் ஒயர் எவ்வளவு இழுக்கிறதோ, அதே அளவு அவுட்டர் எதிர்த்திசையில் தள்ளித் தாங்குகிறது.

இதற்குக் காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன், 1896இல். இன்றும் உலகமெங்கும் இது பௌடன் கேபிள்தான். நம் வீடுகளில் ஒருகாலத்தில் பெருமையாக நின்ற ராலே சைக்கிளின் நிறுவனர் ஃபிராங்க் பௌடன் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கிச் சொல்லும் கதைகள் நிறைய உலவுகின்றன. சைக்கிள் பிரேக், ஸ்கூட்டர் கிளட்ச், ஆட்டோ கியர் என்று சாலையில் இத்தனை வேலை செய்கிற ஒரு பொருளைக் கொடுத்தவரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

கேபிள் சரியாகப் போகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஹேண்டிலை முழுக்க இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒடித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால், எங்கோ அவுட்டர் இழுபடுகிறது அல்லது சிக்கியிருக்கிறது. யூ-டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாய்வதற்கு இது ஒரு காரணம். ஐந்து நொடி வேலை. வாரம் ஒருமுறையாவது செய்துவிடுங்கள்.

கேபிளுக்கு முன்பே கைமுறுக்கு வந்துவிட்டது என்பதுதான் ஆச்சரியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில்வெஸ்டர் ரோப்பர் என்பவர் 1869 வாக்கில் நீராவியால் ஓடும் இருசக்கர வண்டி ஒன்றைக் கட்டினார். இருக்கைக்கு அடியில் கொதிகலன், கீழே கரி அடுப்பு. அந்த வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஹேண்டில் தண்டு முழுவதுமே சுழலும். ஒரு பக்கம் சுழற்றினால் நீராவி திறக்கும், மறுபக்கம் சுழற்றினால் முன்சக்கரத்தின்மேல் பிரேக் அழுந்தும். கையை எங்கும் எடுக்கவேண்டியதில்லை. இருசக்கர வண்டியில் ஹேண்டில் என்பது திசை திருப்பும் கருவி மட்டுமல்ல, விழாமல் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோலும் அதுதான் என்பதை ரோப்பர் புரிந்துவைத்திருந்தார். கட்டளையைக் கை இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். பௌடன் காப்புரிமை வாங்கிய அதே 1896இல், 72 வயதில், பாஸ்டனுக்கு அருகே ஓட்டப்பாதையில் தன் நீராவி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோதே ரோப்பர் இறந்தார்.

பெட்ரோல் வண்டிகள் வந்தபோது, 1904 வாக்கில், பின்னாளில் விமானங்களால் பெயர்பெற்ற கிளென் கர்ட்டிஸும் 'இந்தியன்' மோட்டார் சைக்கிள் கம்பெனியும் முறுக்குப் பிடியைக் கொண்டுவந்தார்கள். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், 'இந்தியன்' அமெரிக்கக் கம்பெனி. அவர்களுடைய தொடக்ககால வண்டிகளில் கேபிள் கிடையாது. மெல்லிய இரும்புத் தண்டுகளைச் சின்னச் சின்ன மூட்டுகளால் கோத்து, கைப்பிடியிலிருந்து கார்புரேட்டர்வரை கொண்டுபோயிருந்தார்கள். மனிதக் கையின் எலும்புகளைப் பார்ப்பதுபோல இருக்கும். ஆக்ஸிலேட்டர் எந்தக் கையில் என்பதில்கூட அப்போது ஒற்றுமையில்லை. பல 'இந்தியன்' வண்டிகளில் அது இடது கையில் இருந்தது.

அந்தக் கால ஆக்ஸிலேட்டர்களில் பல திரும்பி வராதவை. பிரிட்டிஷ் வண்டிகளில் நெடுங்காலம் கட்டைவிரலால் தள்ளும் சிறு நெம்புகோல்தான். விட்ட இடத்திலேயே நிற்கும். முறுக்குப் பிடி வைத்த அமெரிக்க வண்டிகளிலும் மூடும் ஸ்பிரிங் இல்லாதவை நிறைய. நீண்ட நேர்சாலையில் வேகத்தை வைத்துவிட்டுக் கையை எடுக்கலாம் என்பது அப்போது வசதியாகப் பட்டது. ஓட்டுபவர் கீழே விழுந்த பிறகும் எஞ்சின் அலறிக்கொண்டே கிடக்கும் என்பது அதன் மறுபக்கம். அமெரிக்காவில் 1974இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி, ஆக்ஸிலேட்டர் வலது கையில் இருக்கவேண்டும், கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளவேண்டும் என்று எழுதிவைத்தது. பல பெரிய மோட்டார் சைக்கிள்களில் இரண்டு ஒயர்கள் இருக்கும், ஒன்று திறக்க, ஒன்று மூட. ஸ்பிரிங் சிக்கிக்கொண்டாலும் ஓட்டுபவரே பிடியை முன்பக்கம் முறுக்கி அடைப்பானை இழுத்து மூடிவிடலாம்.

சரி, ஏன் நம் பக்கமாக முறுக்குகிறோம்? முன்பக்கமாக முறுக்கினால் வேகம் என்று வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும்? கையை நீட்டி, வலது பிரேக்கைப் பிடிப்பதுபோலச் செய்து பாருங்கள். விரல்கள் லீவரை எட்டிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மேலே எழும்பி, உள்ளங்கை முன்பக்கமாக உருளுகிறது. நம் பக்கம் முறுக்கினால் வேகம் என்பதால், பிரேக்கை நோக்கிக் கை போகிற அசைவே ஆக்ஸிலேட்டரை மூடிவிடுகிறது. திசையை மாற்றியிருந்தால் பிரேக் பிடிக்கப்போன ஒவ்வொரு முறையும் வண்டி பாய்ந்திருக்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை என் அக்கா மகளுக்கு வண்டி பழக்கும்போது கண்ணால் பார்த்தேன். காலி மைதானம், கியரில்லாத ஸ்கூட்டர். முதல் முறுக்கு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. வண்டி முன்னால் தாவியது, உடம்பு பின்னால் சாய்ந்தது. விழாமலிருக்க அவள் பற்றிக்கொண்டது எதை? அதே பிடியை. உடம்பு பின்னால் போகப்போக முழங்கை இறங்கியது, மணிக்கட்டு மடங்கியது, பிடி இன்னும் முறுக்கிக்கொண்டது. "விடு, விடு" என்று நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். வேலிக்காத்தான் புதரில் போய்த்தான் நின்றாள். முழங்காலில் சிராய்ப்பு, நல்லவேளையாக அதற்குமேல் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "நான் விட்டுட்டேன்னுதான் மாமா நெனச்சேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. பயந்த கைக்கு 'விடு' என்பதன் பொருள் தெரியாது. அதற்குத் தெரிந்தது பிடித்துக்கொள்வது மட்டும்தான். திரும்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங்கைவிட அந்தக் கை பல மடங்கு வலுவானது. ஊன்றுகோலும் கட்டளையும் ஒரே இடத்தில் இருப்பதன் விலை இது. ஸ்கூட்டரின் முன்பக்கம் குழந்தையை நிற்கவைத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் கடை வாசலில் பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். தடுமாறும் குழந்தை பற்றிக்கொள்ளக் கையருகே இருப்பது அந்த வலது பிடிதான். பழகுபவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்லித்தருவது கையை வைக்கும் விதத்தை. மணிக்கட்டைத் தூக்காமல் தாழ்வாக வைத்து, இரண்டு விரலைப் பிரேக்கின்மேல் போட்டுக்கொண்டு தொடங்கவேண்டும். அப்படி வைத்தால், உடம்பு பின்னால் சாய்ந்தாலும் மணிக்கட்டு இன்னும் இறங்கிப் பிடியை அதிகம் முறுக்க இடமிருக்காது.

இடது பிடியும் முறுக்கும் வண்டிகள் உண்டு. இத்தாலியில் 1946இல் வந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்தவர். மோட்டார் சைக்கிள்கள் அவருக்குப் பிடிக்காது. எண்ணெய் படாத உடை, கால் வைக்கத் தட்டையான தளம், காலால் மிதிக்க கியர் இல்லாத வண்டி என்று யோசித்தவர், கியரை இடது கையில் கொண்டுபோய் வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் 1972இன் பஜாஜ் சேட்டக். நம் ஆட்டோக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதும் அந்த இடது கை கியரே.

அடுத்தமுறை பழைய ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநரின் இடது கையைக் கவனியுங்கள். நான்கு விரல்கள் கிளட்சை அழுத்திப் பிடிக்கும். அழுத்திய நிலையிலேயே முஷ்டி முழுவதும் உருளும். கிளட்ச் லீவரும் பிடியோடு சேர்ந்து சுழலும். நம் பக்கம் உருட்டினால் லீவர் மேலே நோக்கும், அது ஃபர்ஸ்ட். அங்கிருந்து முன்பக்கம் இறக்கிக்கொண்டே போனால் நியூட்ரல், செகண்ட், தேர்ட், டாப். சிக்னலில் நிற்கும்போது, பயணியோடு வாடகையைப் பேசிக்கொண்டே, பார்க்காமலே அந்தக் கை நியூட்ரலைத் தேடிப் பிடிக்கும். ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு விரற்கடை இடத்தைக் கண்டுபிடிக்க நான் அப்பாவின் சேட்டக்கில் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பழகினேன்.

இங்கே ஸ்பிரிங் உதவாது. கியர் போட்ட இடத்தில் நிற்கவேண்டும், தானாகத் திரும்பி வரக்கூடாது. தள்ளத் தெரியாத ஒயரை வைத்துக்கொண்டு இரண்டு திசையிலும் எப்படி நகர்த்துவது? இரண்டு ஒயர் போடுவதுதான் வழி. ஒன்று மேல்நோக்கி இழுக்க, ஒன்று கீழ்நோக்கி இழுக்க. ஒன்று இழுபடும்போது மற்றது தளர்ந்து கொடுக்கும்.

கியர் சைக்கிளிலும் இந்தக் கேள்வி வருகிறது. சிகாகோவில் 1987இல் தொடங்கிய ஸ்ராம் கம்பெனி மறு ஆண்டே கிரிப் ஷிஃப்ட் என்ற முறுக்குப் பிடியோடு சந்தைக்கு வந்தது. ஸ்காட், ரே, சாம் என்ற மூவரின் பெயர் எழுத்துகளைச் சேர்த்ததே ஸ்ராம். ஆக்ஸிலேட்டர் வழுக்கிக்கொண்டு திரும்பும்; சைக்கிள் பிடியோ படிப்படியாக, 'டிக் டிக்' என்று பள்ளத்தில் விழுந்து நிற்கும். ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒயர் குறிப்பிட்ட அளவு இழுபட்டு, பின்சக்கரத்தில் இருக்கும் டீரெய்லர் செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுகிறது. திருப்பிக் கொண்டுவருவது டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஜெர்மனியின் ரோலாஃப் 1998இல் கொண்டுவந்த 14 கியர் ஹப்பிலோ ஸ்பிரிங்கும் கிடையாது, பிடியில் 'டிக்'கும் கிடையாது. வெஸ்பாபோல இரண்டு ஒயர். படிகள் சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் இருக்கின்றன.

எது நல்லது? ஒயர் அறுந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் அளவுகோல். ஆக்ஸிலேட்டர் ஒயர் அறுந்தால் அடைப்பான் விழுந்து எஞ்சின் அடங்கிவிடும், ஓரம் கட்டிவிடலாம். டீரெய்லர் ஒயர் அறுந்தால் வழக்கமாகச் செயின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு ஓடிவிடும். மிதிக்கக் கனமாக இருக்கும், மேட்டில் இறங்கித் தள்ளவேண்டும். ஆட்டோவின் கியர் ஒயர் அறுந்தால் எந்த கியரில் இருந்ததோ அதிலேயே மாட்டிக்கொள்ளும். நள்ளிரவில் செகண்ட் கியரிலேயே வீடு போய்ச் சேர்ந்த கதை பல ஆட்டோ அண்ணன்களிடம் இருக்கிறது.

இப்போது எஞ்சினை ஒயர் நேரடியாக இழுக்காத பிடிகள் வந்துவிட்டன. யமஹா ஆர்6 வண்டியில் 2006இலேயே பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு அது 2020இல் வந்தது. மின்சார ஸ்கூட்டர்களின் பிடிக்குள் பெரும்பாலும் ஒரு சிறு காந்தம், எதிரே ஹால் சென்சார். காந்தப்புலம் குறுக்கே வரும்போது மின்னோட்டம் ஒருபக்கமாக ஒதுங்கி மெல்லிய மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று எட்வின் ஹால் கண்டது 1879இல். காந்தம் திரும்பத் திரும்ப அந்த மின்னழுத்தம் மாறுகிறது. எவ்வளவு முறுக்கியிருக்கிறீர்கள் என்பது அதிலிருந்து கன்ட்ரோலருக்குத் தெரிந்துவிடுகிறது.

அறுந்த ஒயரின் கேள்வி இங்கும் உண்டு, அதற்கான விடை மிக அழகு. பிடியை முறுக்காமல் விட்டிருக்கும்போது சென்சார் பூஜ்ய வோல்ட்டைக் காட்டாது. பல பிடிகளில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். முழுக்க முறுக்கினால் நான்கு வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஆகவே பூஜ்யம் வந்தால் 'முறுக்கவில்லை' என்று பொருளில்லை, 'இணைப்பு அறுந்துவிட்டது' என்று பொருள். உடனே மோட்டாரை நிறுத்திவிடலாம். அமைதியாக இருப்பதற்கும் பேச்சே இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு வோல்ட் சொல்லிவிடுகிறது. இழுக்க ஒயர் இல்லை, தூக்க அடைப்பான் இல்லை. ஆனாலும் பிடிக்குள் சிறு ஸ்பிரிங்கை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சென்னை ஐஐடியில் முளைத்து, ஓசூரில் வண்டி கட்டும் ஏதர், 2024இல் வெளியிட்ட 450 அபெக்ஸில் இன்னொன்று செய்தது. பிடி பழைய பூஜ்யத்தோடு நிற்பதில்லை. அதையும் தாண்டி, முன்பக்கம் சுமார் 15 பாகை முறுக்கலாம். அப்படி முறுக்கினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தை உறிஞ்சி பேட்டரிக்கு அனுப்பும், வண்டி மெதுவாகும். ஒரு பக்கம் முறுக்கினால் ஓட்டம், மறுபக்கம் முறுக்கினால் தடை. கரி அடுப்பின்மேல் உட்கார்ந்து ரோப்பர் செய்ததும் இதைத்தான், அதற்குச் சுமார் 155 ஆண்டுகளுக்கு முன்.

தெரிந்தவர் ஒருவர் அந்த வண்டியைக் கொண்டுவந்தபோது மெக்கானிக் அண்ணனை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஏறி உட்கார்ந்ததும் பழக்கத்தில் பிடியை முழுக்க முறுக்கப் போய், சட்டென்று நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார். மின்வண்டியில் அந்தச் சோதனையைச் செய்திருந்தால் வண்டி எதிர்க்கடைக்குள் போயிருக்கும். பிறகு முனை டீக்கடைவரை போய்விட்டு வந்தார். நிறுத்தும்போது இடது விரல்களோ வலது விரல்களோ பிரேக்கைத் தொடவில்லை. வலது மணிக்கட்டு மட்டும் மெல்ல மேலே எழும்பியது. வண்டி அவர் கடை வாசலில் வந்து நின்றது.

"முப்பது வருஷமா இந்தப் பக்கமே முறுக்கியிருக்கேன்," என்றார், கையை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துக்கொண்டே. "அந்தப் பக்கம் வழியிருக்கும்னு தோணவே இல்லையே."

சாவியைத் திருப்பி அணைத்தார். அதன்பிறகு பிடியை முழுக்க முறுக்கி, கையை எடுத்துவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார்.